மெழுகில் சிக்கிய ஈரம்

மார்பிலிருந்த கட்டியை அறுத்தெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாலைந்து நாளில் முடிவு வந்துவிடும் என்று சொன்னார்கள். அதுவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சொன்ன நாளில் லேபுக்குப் போனால், “திசு சரியா பிராசஸ் ஆகலைங்க. மறுபடியும் போட்டிருக்கோம். இன்னும் ரெண்டு நாள் ஆகும்” என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். கேட்பவருக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. சதையைத் தொலைத்துவிட்டார்களோ? எதையாவது கெடுத்துவிட்டு மறைக்கிறார்களோ? இனி வருகிற ரிப்போர்ட்டை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். சரியாகப் பதம் வராத திசுவிலிருந்து அவசர அவசரமாக ஒரு முடிவைச் சொல்லாமல், அதை மீட்டெடுத்துத் திரும்பவும் பதப்படுத்திப் பார்க்கிற லேப் தன் கடமையைச் செய்கிறது. ஆனால் எல்லாத் திசுவையும் இப்படி மீட்டுவிட முடியாது. எது மீளும், எது மீளாது என்பது, திசு லேபின் வாசலுக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இது லேபில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று விடக்கூடிய விஷயம் அல்ல.

சதைக்குள் மெழுகு எதற்கு?

நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பது திசுவின் ஒரு மெல்லிய சீவலை. அதன் தடிமன் 3 முதல் 5 மைக்ரோமீட்டர். நம் இரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். ஆக, ஒரு செல்லின் அகலத்தைவிட மெல்லியதாகச் சதையைச் சீவியாக வேண்டும். பச்சைச் சதையை அப்படிச் சீவ முடியாது. கத்தி பட்டதும் நசுங்கும், வழுக்கும், பிய்ந்து வரும். சதைக்கு உள்ளேயே ஒரு தாங்கல் இருந்தால்தான் சீவல் முழுதாக வரும்.

அந்தத் தாங்கல்தான் பாரஃபின் மெழுகு. திசுவை மெழுகில் பொதிந்து சீவும் முறையை 1869-இல் எட்வின் கிளெப்ஸ் தொடங்கிவைத்தார். இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது அதன் வளர்ந்த வடிவமே. மெழுகு திசுவைச் சுற்றி நின்றால் போதாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும், செல்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து உறைய வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உடல் திசுவில் பெரும்பகுதி நீர். மெழுகும் நீரும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. எனவே நீர் இருந்த இடத்தில் மெழுகை உட்கார வைக்க, நடுவில் இரண்டு இடைத்தரகர்கள் தேவைப்படுகிறார்கள். நீரோடு கலக்கும் ஆல்கஹால் முதலில் நீரை வெளியேற்றுகிறது. ஆல்கஹாலோடும் மெழுகோடும் கலக்கும் சைலீன் அடுத்து வந்து ஆல்கஹாலை வெளியேற்றுகிறது. கடைசியில் உருகிய மெழுகு சைலீனை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒன்று உண்டு: ஃபார்மலினில் ஊறுவது. மீன் கெடாமலிருக்க இதைக் கள்ளத்தனமாகத் தடவுகிறார்கள் என்று 2018-இல் செய்திகளில் அடிபட்டதே, அதே ஃபார்மலின்தான். உடலிலிருந்து அறுபட்ட நொடியிலேயே திசு சாகத் தொடங்குகிறது. செல்லுக்குள் அதுவரை கட்டுப்பட்டிருந்த நொதிகள் அவிழ்ந்து, செல்லையே செரிக்க ஆரம்பிக்கின்றன. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அந்தச் செரிமானத்தை நிறுத்துகிறது. செல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே அதை நிறுத்தி வைக்கிறது. இந்தக் குணத்தைக் கண்டறிந்து 1893-இல் எழுதியவர் ஃபிராங்ஃபர்ட் நகரத்து இளம் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம். கிருமிநாசினியாகப் பயன்படுமா என்று இந்தத் திரவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல்களின் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய நடைமுறை.

லேபில் பயன்படுவது 10 சதவீத ஃபார்மலின். அதாவது ஏறத்தாழ 4 சதவீத ஃபார்மால்டிஹைடு, அமிலத்தன்மை ஏறாதபடி உப்புகள் சேர்த்தது. இது திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். ஆழம் கூடக் கூட வேகம் குறையும். இறங்கிய பிறகும் புரதங்களைப் பிணைத்து முடிக்க இன்னும் பல மணி நேரம் ஆகும். அவசரமாக வெளியே எடுத்த பெரிய துண்டு, பாதி வெந்த முட்டையைப் போல விளிம்பில் இறுகியும் நடுவில் கொழகொழவென்றும் இருப்பது இதனால்தான்.

ஓர் இரவின் வேலை

ஃபார்மலினில் ஊறிய உறுப்பை மருத்துவர் பார்த்து, முக்கியமான இடங்களிலிருந்து 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் துண்டுகள் எடுப்பார். ஒவ்வொரு துண்டும் எண் எழுதிய ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கேசட்டுக்குள் போகும். மாலையில் கேசட்டுகள் எல்லாம் டிஷ்யூ பிராசஸர் எனும் இயந்திரத்தில் ஏறும். மனிதர் உறங்கும் நேரத்தில் அந்த இயந்திரம் திரவத்தை மாற்றி மாற்றி வேலை செய்யும். 70 சதவீத ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாக 100 சதவீதம். பிறகு இரண்டு மூன்று முறை சைலீன். பிறகு 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய மெழுகு. காலையில் டெக்னீஷியன் வந்து கேசட்டைத் திறந்து, துண்டைச் சரியான பக்கம் கீழே இருக்கும்படி அச்சில் வைத்து, மேலே மெழுகு ஊற்றிக் குளிரவைத்தால் பிளாக் தயார்.

ஆல்கஹாலைப் படிப்படியாக ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. ஈரத் திசுவை நேராக முழு ஆல்கஹாலில் போட்டால் நீர் ஒரேயடியாக வெளியேறி, திசு சுருங்கிக் கோணலாகிவிடும். ஃபார்மலினில் உள்ள உப்புகளும் வீழ்படிவாகித் திசுவுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருக்கிறது. ஆல்கஹால் நீரை முழுதாக எடுக்காவிட்டால் சைலீன் உள்ளே போகாது. சைலீன் போகாத இடத்தில் மெழுகும் போகாது. முதல் படியில் நேர்ந்த குறை, அன்று இரவு முழுக்க வெளியே தெரியாமல் மறைந்திருந்து, மறுநாள் கத்தியின் முனையில்தான் வெளிப்படும்.

கத்தி சொல்லும் சேதி

மைக்ரோடோம் எனும் சீவும் கருவியில் ஒரு நல்ல பிளாக் எப்படிச் சீவப்படும் என்பதை முதலில் பார்ப்போம். பனிக்கட்டியின் மேல் குளிரவைத்த பிளாக்கைப் பூட்டி, சக்கரத்தைச் சீராகச் சுற்றினால், ஒரு சீவலின் விளிம்பை அடுத்த சீவல் பற்றிக்கொண்டு நாடாவாக நீண்டு வரும். அந்த நாடாவைத் தூரிகையால் தாங்கி, 40 டிகிரிக்குச் சற்று மேல் சூடான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் எல்லாம் நீங்கி விரியும். அதன் கீழே கண்ணாடி ஸ்லைடை நுழைத்துத் தூக்கினால் வேலை முடிந்தது.

பதம் தப்பிய பிளாக் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சீவ ஆரம்பித்ததும் சுற்றியுள்ள மெழுகு ஒழுங்காக வரும். நடுவிலுள்ள திசு வராது. சீவலில் திசு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். பிளாக்கை உற்றுப் பார்த்தால் திசுவின் முகம் மெழுகின் மட்டத்துக்குக் கீழே குழிந்திருக்கும். உள்ளே தங்கிய நீரோ சைலீனோ ஆவியாகப் போனதன் அடையாளம் அது. நகத்தால் தொட்டால் மெத்தென்று அமுங்கும். முகர்ந்தால் சில பிளாக்குகளில் சைலீன் வாடை அடிக்கும். எப்படியோ ஒரு சீவலை எடுத்துத் தண்ணீரில் விட்டால் அது விரியாது. நாலாபுறமும் சிதறித் துகள் துகளாக மிதக்கும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த நொடியே சக்கரத்தை நிறுத்திவிடுவார். மேற்கொண்டு ஒவ்வொரு சுற்றும் நோயாளியின் திசுவைக் குப்பைக்கு அனுப்புகிறது என்பது அவருக்குத் தெரியும்.

நேரெதிரான குறையும் உண்டு. இரைப்பையிலிருந்து எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்த இரண்டு மில்லிமீட்டர் துணுக்கை, கர்ப்பப்பையின் பெரிய துண்டுகளோடு சேர்த்து இரவு முழுக்க ஓடவிட்டால் அது காய்ந்து நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும். சீவலில் ஜன்னல் பலகைகளைப் போல வரிசையாக மெல்லிய விரிசல்கள் விழும். சிறு துணுக்குகளுக்குத் தனியாகச் சில மணி நேரக் குறுகிய ஓட்டம் வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

குறையுள்ள சீவலை எப்படியாவது ஒட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் என்ன ஆகும்? செல்லின் கரு தெளிவற்ற நீலத் திட்டாகத் தெரியும். புற்றுநோயா இல்லையா என்ற தீர்ப்பு பெரும்பாலும் அந்தக் கருவின் விளிம்பிலும், உள்ளே குரோமாட்டின் எனும் மரபுப்பொருள் இறைந்து கிடக்கும் விதத்திலும்தான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயின் தீவிரத்தை மதிப்பிடும்போது, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். கரு கலங்கியிருந்தால் அந்த எண்ணிக்கையே தவறும். எண்ணிக்கை தவறினால் சிகிச்சையும் தவறலாம்.

பிழை எந்தப் படியில்?

மீட்கத் தொடங்குமுன் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் கேள்வி எளிமையானது: கெட்டது ஒரு பிளாக்கா, அன்றிரவு ஓடிய எல்லாமுமா?

ஒன்று மட்டும் என்றால் குற்றம் அந்தத் துண்டில் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்குப் பதில் ஆறு மில்லிமீட்டர் தடிமனாக வெட்டியிருப்பார்கள். கேசட்டின் மூடியை அமுக்கி மூடும் அளவுக்குத் திணித்திருப்பார்கள்; திரவம் சுற்றிவர இடமிருந்திருக்காது. ஃபார்மலினில் போதிய நேரம் ஊறியிருக்காது. அல்லது அது கொழுப்பு மிகுந்த திசுவாக இருக்கும். மார்பகத் திசு இதற்குப் பேர்போனது. கொழுப்பை ஃபார்மலின் பிணைப்பதில்லை. நீரில் கரைந்த எதுவும் அதற்குள் எளிதில் நுழைவதுமில்லை. ஆல்கஹாலும் சைலீனும்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்க வேண்டும். மற்றத் திசுக்களுக்குப் போதுமான நேரம் இதற்குப் போதாது.

எல்லாமே கெட்டிருந்தால் இயந்திரத்தையும் திரவங்களையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான கேசட்டுகள் ஓடிய பிறகு 100 சதவீத ஆல்கஹால் என்று எழுதிய குடுவையில் இருப்பது 100 சதவீதமாக இராது. ஒவ்வொரு கேசட்டும் கொஞ்சம் நீரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். இதை அடர்த்தி காட்டும் மிதவைமானியை இறக்கி அளந்துவிடலாம். சைலீன் இன்னும் வெளிப்படையானது. கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டிய அது பால்போலக் கலங்கியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். நள்ளிரவில் மின்சாரம் போய், மாற்று மின்சாரம் கைகொடுக்காமல் ஓட்டம் பாதியில் நின்றிருக்கவும் கூடும். திரவத்தை மாற்றியவர் குடுவைகளின் வரிசையை மாற்றி வைத்திருக்கவும் கூடும்.

காரணம் தெரியாமல் மீட்புக்கு இறங்கினால், கெட்டுப்போன அதே திரவங்களுக்குள் திசுவைத் திரும்பவும் தள்ளுவதாகத்தான் முடியும்.

வந்த வழியே திரும்பு

மறுபிராசஸிங்கின் விதி ஒன்றே ஒன்றுதான்: பிழை எந்தப் படியில் நடந்ததோ அந்தப் படிவரை பின்னோக்கிப் போ, அங்கிருந்து திரும்பவும் முன்னே வா. தேவைக்கு மேல் பின்னே போகாதே. ஒவ்வொரு திரவ மாற்றமும், ஒவ்வொரு மணி நேரச் சூடும் திசுவைச் சற்றே சுருக்கி, சற்றே இறுக்கிவிடும்.

சைலீன் மட்டும் மீந்திருந்தால் வேலை எளிது. பிளாக்கை உருக்கி, திசுவைப் புதிய மெழுகில், முடிந்தால் காற்றழுத்தம் குறைத்த கலத்தில், ஓரிரண்டு மணி நேரம் வைத்தால் மீந்த சைலீன் வெளியேறி மெழுகு உள்ளே புகும். திரும்பப் பொதிந்தால் போதும்.

நீர் மீந்திருந்தால் எத்தனை மணி நேரம் மெழுகில் போட்டாலும் பயனில்லை. சூடான மெழுகில் ஈரத்தோடு கிடக்கும் திசு வெந்துபோவதுதான் மிச்சம். இங்கே நெடுந்தூரம் திரும்ப வேண்டும். கொழுப்பு நிறைந்த ஒரு மார்பகத் திசுத் துண்டை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த பிளாக்கிலிருந்து ஏதாவது தேறிய சீவல் கிடைத்திருந்தால் அதை ஸ்லைடில் ஏற்றிப் பத்திரப்படுத்துவார்கள். மீட்பு தோற்றாலும் அதுவாவது கையில் இருக்கும். பிறகு பிளாக்கை உருக்கி, துண்டை இடுக்கியால் மெல்ல எடுத்து, சூடு ஆறுமுன் ஒட்டியிருக்கும் மெழுகை ஒற்றுத்தாளால் ஒற்றி எடுப்பார்கள். பழைய எண்ணுள்ள கேசட்டிலேயே வைத்து, தனிக் குடுவையில் சைலீன். உள்ளிருக்கும் மெழுகு முழுக்கக் கரையும்வரை இரண்டு மூன்று முறை மாற்றுவார்கள். பிறகு புதிய முழு ஆல்கஹால், அதுவும் பல முறை. இதற்கு இயந்திரத்தின் குடுவைகளைப் பயன்படுத்தினால் மெழுகு கலந்து எல்லாம் பாழாகும் என்பதால் இந்தப் பின்னோக்கிய பயணத்தைக் கையாலேயே செய்வார்கள்.

ஃபார்மலினில் ஊறியதே போதாமல் போயிருந்தால் இன்னும் பின்னே போக வேண்டும். ஆல்கஹாலின் வலுவைப் படிப்படியாகக் குறைத்து நீருக்கு வந்து, அங்கிருந்து ஃபார்மலினுக்குப் போய்ச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். இங்கேதான் ஒரு நல்ல வாய்ப்பும் கிடைக்கிறது. மெழுகு நீங்கி மென்மையாகக் கையிலிருக்கும் துண்டைக் கூர்மையான கத்தியால் மெல்லியதாகப் பிளந்து இரண்டு கேசட்டுகளாக்கலாம். முதல் முறை குற்றம் தடிமனில்தான் இருந்தது என்றால் இந்த ஒரு வெட்டே அதைத் தீர்த்துவிடும். ஆனால் கட்டியின் விளிம்பைக் காட்ட மருத்துவர் பூசிய மை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்து, குறித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். அறுவை மருத்துவர் கட்டியை முழுதாக எடுத்துவிட்டாரா என்ற கேள்விக்குப் பதில் அந்த மைக்கோட்டில் இருக்கிறது. பிறகு எல்லாம் முன்போலவே, கொழுப்புக்கு ஏற்றபடி ஆல்கஹாலிலும் சைலீனிலும் கூடுதல் நேரம் கொடுத்து மெழுகு வரை.

ஓர் இரவின் பிளாக்குகள் அத்தனையும் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீட்கப் போகக்கூடாது. இழப்பு குறைவாக இருக்கும் ஒன்றிரண்டை முதலில் ஓட்டிப் பார்த்து, வழி சரிதான் என்று உறுதியான பிறகே, திரும்பக் கிடைக்காத சின்னஞ்சிறு துணுக்குகளில் கைவைக்க வேண்டும்.

எலும்பு தனி ரகம். அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தை நீக்கிய பிறகே அதை மெழுகுக்கு அனுப்புவார்கள். கால்சியம் மீந்திருந்தால் கத்தி கரகரவென்று சத்தமிட்டு, சீவலில் கீறல் விழும். இதற்குப் பிளாக்கை உருக்கத் தேவையில்லை. அதன் முகத்தை மட்டும் நீர்த்த அமிலத்தில் கவிழ்த்து வைத்து எடுத்தால், மேலோட்டமான சில அடுக்குகள் மென்மையாகி, நல்ல சீவல்கள் சில கிடைத்துவிடும்.

மம்மி சொல்லும் பாடம்

இயந்திரக் கோளாறால் திசு முழுக்கக் காய்ந்து, சருகாகிப் போவதும் நடக்கும். அதைப் பார்க்கிறவருக்கு எல்லாம் முடிந்தது என்றே தோன்றும். ஆனால் முடியவில்லை என்று காட்டியவர்கள் எகிப்திய மம்மிகளை ஆராய்ந்த மருத்துவர்கள்.

கெய்ரோ மருத்துவப் பள்ளியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் மார்க் அர்மாண்ட் ரஃபர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இருபதாவது அரச மரபைச் சேர்ந்த மம்மிகளின் திசுவைச் சீவிப் பார்க்க விரும்பினார். கல்லாக இறுகிய அந்தத் திசுவை ஆல்கஹாலும் சோடியம் கார்பனேட்டும் நீரும் கலந்த கரைசலில் ஊறவைத்தார். அது நெகிழ்ந்து, சீவக்கூடிய பதத்துக்கு வந்தது. இரண்டு சிறுநீரகங்களில் பில்ஹார்சியா ஒட்டுண்ணியின் முட்டைகளைக் கண்டு 1910-இல் வெளியிட்டார். நைல் நதிக்கரை மக்களைத் தொன்றுதொட்டு வாட்டும் நோய் அது. 1955-இல் ஏ. டி. சாண்டிசன் இந்தக் கரைசலில் ஃபார்மலினையும் சேர்த்து மேம்படுத்தினார். இன்றைக்கும் காய்ந்துபோன பயாப்ஸித் துணுக்கை மீட்க விரும்பும் டெக்னீஷியனுக்குக் கைகொடுப்பவற்றில் சாண்டிசன் கரைசலும் ஒன்று.

மூவாயிரம் ஆண்டு பழைய சிறுநீரகத்தில் ஒட்டுண்ணியின் முட்டை தெரிகிறது. நேற்று அறுத்தெடுத்து உப்புத் தண்ணீரில் ஒருநாள் கிடந்த கர்ப்பப்பையிலோ செல் தெரிவதில்லை. ஏன்? எகிப்தியர்கள் நேட்ரான் உப்பில் போட்டு உடலின் நீரை விரைந்து எடுத்துவிட்டார்கள். செல்லைச் செரிக்கும் நொதிகளும் அழுக வைக்கும் கிருமிகளும் நீரில்லாமல் இயங்க முடியாது. ஈரம் போனதும் அழிவும் நின்றது. உப்புத் தண்ணீரில் கிடந்த திசுவிலோ, அதுவும் நம் ஊர் வெயிலில், நொதிகளும் கிருமிகளும் மணிக்கு மணி வேலை செய்துகொண்டே இருந்தன.

காய்ந்ததை ஊறவைக்கலாம். ஈரம் மீந்ததைத் திரும்ப உலர்த்தலாம். செரித்துப் போனதை எந்தக் கரைசலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மீளாதவை

மறுபிராசஸிங் மாற்றுவது திசுவின் இடுக்குகளில் என்ன நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே. நீரை எடுத்து மெழுகை வைக்கும். செல்லின் கட்டமைப்பைத் திரும்பக் கட்டித் தராது. ஃபார்மலின் எட்டாமல் நடுவில் அழுகிய பகுதி, மீட்ட பிறகு அழகாகச் சீவ வரும். ஆனால் நுண்ணோக்கியில் வெறும் நிழல்களாகவே தெரியும். சூட்டில் வெந்த திசுவும் இடுக்கியில் நசுங்கிய துணுக்கும் அப்படித்தான். ஃபார்மலின் பிணைக்காமல் விட்ட நடுப்பகுதியை, பிறகு வந்த ஆல்கஹால் தன் போக்கில் உறைய வைத்துவிடும். திரும்பப் போய் ஃபார்மலினில் ஊறவைத்தாலும் அந்த உறைதல் நீங்காது.

இன்றைய புற்றுநோய்ச் சிகிச்சையில் இது முன்னைவிட முக்கியம். மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து பலிக்கும் என்பதைத் திசுவில் உள்ள ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 எனும் புரதத்தையும் சாயமேற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் நோய்க்கூறியல் மருத்துவர்களும் இந்தச் சோதனைகளுக்காகச் சேர்ந்து வகுத்த நெறிமுறை, அறுத்தெடுத்த 1 மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினுக்குள் போக வேண்டும் என்கிறது; அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும் என்கிறது. இந்தக் கணக்குத் தவறினால், இருக்கிற ஏற்பியும் இல்லாததுபோலத் தோன்றலாம். இல்லை என்று வந்துவிட்டால், பலன் தரக்கூடிய மருந்து அந்த நோயாளிக்குக் கிடைக்காமலே போய்விடும்.

அதனால்தான் நல்ல லேபில் மீட்கப்பட்ட பிளாக்கைப் பற்றிப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். ஸ்லைடைப் படிக்கும் மருத்துவரிடமும் சொல்லிவிடுகிறார்கள். சாயம் ஏறவில்லை என்றால் அது நோயின் குணமா, திசு பட்ட பாடா என்று அவர் யோசிக்க வேண்டும் அல்லவா? “முடிவு சொல்லத் திசு தகுதியாக இல்லை, திரும்ப எடுத்து அனுப்புங்கள்” என்று எழுதுவதும் சில நேரம் நேர்மையான ரிப்போர்ட்தான். அதை எழுதும் துணிச்சலுக்காக லேபை மதிக்க வேண்டும்.

பாட்டில் உங்கள் கையில் இருந்தால்

நம் ஊரில் பல மருத்துவமனைகளில், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் திசுவை லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் நோயாளியின் மகனோ கணவரோ அண்ணனோதான். “இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க” என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தில் உங்களால் செய்ய முடிந்ததை எந்த டெக்னீஷியனாலும் பின்னால் செய்துவிட முடியாது.

பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா என்று கேளுங்கள். குளுக்கோஸ் பாட்டிலில் வரும் சலைனிலோ வெறும் தண்ணீரிலோ திசு கெடத்தான் செய்யும். திரவம் திசுவின் அளவைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். திசு முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். வாய் குறுகிய பாட்டில் வேண்டாம். உள்ளே விறைத்துப்போன பிறகு வெளியே வராது. நோயாளியின் பெயரும், எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்பதும் பாட்டிலின் மேலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். திசுவை எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உறுதியான உண்மை, ஆவியும் கண்ணைக் கரிக்கும். வழியில் எங்கும் தங்காமல் நேரே லேபுக்குப் போங்கள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு லேபில், “மறுபடியும் போட்டிருக்கோம், ரெண்டு நாள் ஆகும்” என்று சொன்னால் சண்டை போடாமல் அந்த இரண்டு நாளைக் கொடுங்கள். தவறான ரிப்போர்ட்டை வைத்து ஆரம்பிக்கும் சிகிச்சையைவிட, இரண்டு நாள் தள்ளி வரும் சரியான ரிப்போர்ட்டே நோயாளிக்கு நல்லது.